முடிந்தவரை

பனிப்பாறை ஒன்று கடலடியைச் சீய்த்துக்கொண்டு போனதில்
வியாழன் மாலை நாலு பத்துக்கு கேபிள் அறுந்தது.
நாலு பதினொன்றுக்கு என் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

பழுது பார்க்கும் கப்பல் வர ஒன்பது நாள் என்றார்
நூக்கிலிருந்து ஹெனிங்.
அதுவரை செயற்கைக்கோள்தான்:
ஆற்றில் குளித்த ஊருக்கு
ஒரு செம்புத் தண்ணீர்.

நெரிசலில் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.
எதுவும் வெடிக்காது. வரிசை நீளும், அவ்வளவுதான்.
கடிதம் எவ்வளவு நேரமும் நிற்கும்.
பேச்சு நிற்காது, ஊசிவிடும்.
ஒரு நொடி பிந்தி வரும் "ம்"
வேறொரு கேள்விக்குச் சம்மதம் ஆகிவிடும்.

ஆகவே வகுப்பு பிரித்தேன்.
முதலில் குரல்:
நாற்பத்தாறு என்று நெற்றியில் எழுதிய பாக்கெட்
யார் பின்னாலும் நிற்காது.
ஆனாலும் அதையும் அளந்துதான் விட வேண்டும்,
இல்லையென்றால் பின்னால் நிற்பவர்கள்
இலையைக்கூடப் பார்க்க மாட்டார்கள்.
அடுத்தது எக்ஸ்ரே படங்கள், வானிலை, படகுகளின் இருப்பிடம்.
அதற்கும் அடுத்து வங்கி, கடையின் அட்டை இயந்திரம்.
மிச்சம் எல்லாவற்றுக்கும் கையேட்டில் ஒரு பெயர் உண்டு:
முடிந்தவரை.

கைவிரிப்பதற்கு இத்தனை நாகரிகமான சொல்லை
நான் வேறெங்கும் கண்டதில்லை.
கால்பந்து முடிந்தவரை. பிள்ளைகளின் பாடம் முடிந்தவரை.
ஆர்ஹுஸில் படிக்கும் என் தங்கையின் முகம்
மூன்று சதுரமும் ஒரு காதுமாக,
முடிந்தவரை.

இறால் ஆலை மேலாளர்
உலர்த்திய ஹாலிபட் ஒரு கட்டு கொண்டுவந்தார்.
"எங்கள் ஏலமும் பூனை வீடியோவும் ஒரே வரிசையிலா?"
மீனைத் தின்றேன். வகுப்பை மாற்றவில்லை.
(சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரம் மாற்றினேன்.
எங்காவது எழுதிவைக்க வேண்டும், எழுதிவிட்டேன்.)

ஆறாம் நாள், கடையில், பால்பவுடர் அடுக்கின் முன்
இனூராக் வழிமறித்தார்.
திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"படம் முதல் நாளே போய்விட்டது.
மகளின் மேசை விளக்கும் பாதித் தோளும்
அப்படியே உறைந்து நிற்கின்றன.
பரவாயில்லை. நானும் துபார்நாக்கும் பேசிக்கொள்வதில்லை,
இரண்டு வருஷமாக.
இரவில் லைனைத் திறந்துவைத்துத் தூங்குவோம்,
அவள் கோபன்ஹேகனில், நான் இங்கே.
மூச்சு மட்டும் வருகிறது, உன் புண்ணியம்.
முன்பெல்லாம் ஏறும், இறங்கும், நடுவில் திக்கும்.
இப்போது விடியும்வரை ஒரே சீர்.
நல்ல தூக்கம் போலிருக்கிறது."

ஒரே சீர்.

யாரும் பேசாதபோது மௌனத்தைச் சுமந்துவர
எங்களிடம் இடமில்லை.
அதை வெட்டும் விசையை முதல் நாளே முடுக்கியவள் நான்.
ஆனால் முழு நிசப்தம் கேட்டால் மனிதர்கள்
லைன் செத்துவிட்டதென்று வைத்துவிடுவார்கள்;
எனவே கேட்பவரின் பெட்டியே தனக்குள்
மெல்லிய ஓர் இரைச்சலைச் செய்துகொள்ளும்.
அதற்குக் கையேட்டில் பெயர்
ஆறுதல் இரைச்சல்.

நான் சொல்லவில்லை.
பால்பவுடர் இரண்டு எடுத்தேன், தேவை ஒன்றுதான்.

அன்றிரவு அந்த வீட்டின் கோட்டை மட்டும்
திரையில் பெரிதாக்கி வைத்திருந்தேன்.
என்ன சத்தம் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது;
எவ்வளவு, எப்போது, அது மட்டும்தான் என் வேலை.
விசையை ஒரு வீட்டுக்காக நிறுத்தலாமா என்று
ஒரு மணி முழுக்கக் கணக்குப் போட்டேன்.
மருத்துவமனையில் அப்போது இரண்டு அழைப்புகள்.
நிறுத்தவில்லை.

இரண்டு நாற்பத்தேழுக்கு
தட்டையான கோட்டில் ஒரு சின்ன மேடு.
கோபன்ஹேகனிலிருந்து, இரண்டு நொடி, நூறு பாக்கெட்:
இருமியிருப்பாள், அல்லது புரண்டு படுத்திருப்பாள்,
அல்லது எதையோ சொல்லத் தொடங்கி
விட்டிருப்பாள்.

நூறின் நெற்றியிலும் நாற்பத்தாறு.
ஒன்றுகூட விழாமல்
அனுப்பினேன்.